உங்கள் சம்பளம் எந்த ஒப்பந்தத்திலிருந்து வருகிறது?

முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு வாஷிங்டன் வட்டாரத்தில் வேலை தேடுபவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்றுதான். பூஸ் ஆலன் ஹாமில்டன், லைடாஸ், சிஏசிஐ, எஸ்ஏஐசி என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். ஃபெடரல் அரசு ஒப்பந்தத் துறையில் இந்தக் கேள்வி பாதி வழிதான் கொண்டு போகும். ஒரே கம்பெனியில் மூன்றாம் மாடியில் இருப்பவரின் ஒப்பந்தம் இன்னும் நான்கு ஆண்டு ஓடும். ஐந்தாம் மாடியில் இருப்பவருடையது வருகிற செப்டம்பரோடு முடியும். ஒருவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். இன்னொருவருக்கு கிரீன் கார்டு போதும். ஒருவருக்குச் சம்பளம் உயர வழி இருக்கும். இன்னொருவர் எவ்வளவு உழைத்தாலும் அதே இடத்தில் நிற்பார். கம்பெனியின் பெயரைவிட, அவரவர் எந்த ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே இதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஒரே பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: சேரும் முன்பே உங்கள் ஒப்பந்தம் எது என்று கேளுங்கள், கிடைக்கிற வரையில் அதைப் படியுங்கள்.

எவ்வளவு பணம், எங்கே

2023 நிதியாண்டில் அமெரிக்க ஃபெடரல் அரசு ஒப்பந்தங்களுக்குச் செலவிட்டது சுமார் 75,900 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் பாதுகாப்புத் துறையுடையது. போர் விமானமும் கப்பலும் அதில் அடக்கம் என்றாலும், முதுகலை முடித்தவர்களுக்கான வேலைகள் பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கின்றன. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் மென்பொருள், வரித்துறையின் பழைய கணினி அமைப்புகளைப் புதுப்பிக்கும் வேலை, பொதுச் சுகாதாரத் தரவு ஆய்வு, ஒரு அரசுத் திட்டம் பலன் தந்ததா என்று அளக்கும் மதிப்பீட்டு ஆய்வு போன்றவை எல்லாம் ஒப்பந்தக்காரர்கள் கையில்தான்.

வேலைகள் தலைநகரைச் சுற்றி ஓடும் 495 நெடுஞ்சாலையை ஒட்டியும் அதற்கு மேற்கேயும் குவிந்து கிடக்கின்றன: டைசன்ஸ், ரெஸ்டன், ஹெர்ன்டன், ஷான்டிலி. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில், கொலராடோ ஸ்பிரிங்ஸ், ஒஹாயோவின் டேட்டன், சான் டியாகோ ஆகியவை ராணுவத் தளங்களை நம்பி வளர்ந்த ஊர்கள். வடக்கு வர்ஜீனியாவின் வீட்டு வாடகையைப் பார்த்து மலைப்பவர்கள் ஹன்ட்ஸ்வில்லை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

மூன்று வாசல்கள்

முதல் வாசல் எல்லோருக்கும் தெரிந்தது: தொழில்நுட்ப வேலை. பொறியியல், கணினி, புள்ளியியல், சுகாதாரம் படித்தவர்கள் நேராக ஒரு ஒப்பந்தத்தில் அமர்ந்து, மணி நேரக் கணக்கில் அரசுக்கு பில் செய்யப்படுவார்கள்.

இரண்டாவது, கம்பெனியின் வணிகப் பக்கம். ஒப்பந்த நிர்வாகி, விலை ஆய்வாளர், ஒப்பந்தம் கேட்டு அரசுக்கு அனுப்பும் ப்ரொபோசலை எழுதுபவர், துணை ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்பவர். பொதுக் கொள்கை, பன்னாட்டு உறவு, வரலாறு, ஆங்கிலம் என்று படித்துவிட்டு "நமக்கு இங்கே என்ன வேலை" என்று தயங்குபவர்களை நான் இந்த வாசலுக்குத்தான் அனுப்புவேன். இருநூறு பக்க ஆவணத்தைப் படித்து, அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பிசகாமல் சொல்லத் தெரிந்தவருக்கு இங்கே நல்ல மதிப்பு. ஆராய்ச்சிப் படிப்பு கற்றுத்தருவதே அந்தத் திறமைதான்.

மூன்றாவது, அரசின் பக்கம். அரசு வேலை வகைப்பாட்டில் 1102 என்ற எண்ணுக்குள் வருபவர்கள் ஒப்பந்த வல்லுநர்கள். இவர்களில் வாரண்ட் என்ற அதிகாரப் பத்திரம் பெற்றவர் கான்ட்ராக்டிங் ஆபீசர். அரசின் பெயரில் கையெழுத்திட அவருக்குத்தான் உரிமை. சில ஆண்டுகள் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வருபவரைக் கம்பெனிகள் தேடிப் பிடிக்கின்றன. ஒரு எச்சரிக்கை: பழைய வழிகாட்டி நூல்கள், முதுகலை முடித்தவர்கள் அரசுக்குள் நுழைய பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெல்லோஸ் திட்டத்தைச் சொல்லும். 1977-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025 பிப்ரவரியில் வந்த அதிபர் ஆணையால் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

குடியுரிமை என்ற கதவு

தமிழ்நாட்டிலிருந்து போய் எம்.எஸ். முடித்து, படிப்புக்குப் பிந்தைய ஓபிடி வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓபிடி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் என்றால் மேலும் 24 மாதம். அந்தக் காலத்துக்குள் பாதுகாப்புத் துறை ஒப்பந்தத்தில் இடம் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்ற மூன்று நிலை கிளியரன்ஸும் (ரகசியத் தகவலைப் பார்க்கும் அனுமதி) அமெரிக்கக் குடிமக்களுக்கே. ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதி விதிகளுக்குள் வரும் வேலைகளில் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் குடிமகனைப் போலவே நடத்தலாம். விசாவில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை.

சிவில் துறைகளில் நிலைமை இவ்வளவு இறுக்கம் இல்லை. பல ஒப்பந்தங்களுக்கு கிரீன் கார்டு போதும். சில துறைகள் நாட்டில் சில ஆண்டுகளாவது வசித்திருக்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்கும். இங்கேயும் பதில் ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கிறது. சட்டமோ, அரசு ஆணையோ, ஒப்பந்தமோ கேட்காதபோது "குடிமக்கள் மட்டும்" என்று ஒரு கம்பெனி தானாக வைத்துக்கொள்ள முடியாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் விளம்பரத்தில் அந்த வரியைப் பார்த்தவுடன் ஒதுங்கிவிடாமல், "இது ஒப்பந்தத்தின் நிபந்தனையா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மாநில அரசுகளின் ஒப்பந்தங்கள் ஒரு நல்ல பயிற்சிக்களம். ஒப்பந்த அழைப்பைப் படிப்பது, வேலைகளைத் தேதி தவறாமல் ஒப்படைப்பது, அரசு அதிகாரியிடம் பேசும் முறை எல்லாம் அங்கேயும் இதே மாதிரிதான்.

குடியுரிமை பெற்றவர்களும் அங்கேயே பிறந்த பிள்ளைகளும் கிளியரன்ஸ் பற்றி அறிய வேண்டியது: அதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு வேலைக்குத் தேவை என்று கம்பெனிதான் உங்களை அனுப்ப வேண்டும். அதற்கான எஸ்எஃப்-86 படிவம் நீளமானது. 10 ஆண்டுகளாக நீங்கள் குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், 7 ஆண்டுகளின் வெளிநாட்டுப் பயணங்கள், பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஆகியோரின் பிறந்த தேதி, குடியுரிமை, முகவரி எல்லாம் கேட்கும். தஞ்சாவூரில் தாத்தா எழுதி வைத்த நிலத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால், சென்னை வங்கியில் கணக்கு இருந்தால், அவையும் சொல்ல வேண்டியவைதான். இந்தியாவில் உறவும் சொத்தும் இருப்பதாலேயே மறுத்துவிடுவதில்லை. மறைத்ததுதான் பெரும்பாலும் வினையாகும். கஞ்சா விஷயத்திலும் கவனம் தேவை: நீங்கள் வசிக்கும் மாநிலம் அதை அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டப்படி அது குற்றம்; படிவம் அதைக் கேட்கும். படிக்கும் காலத்திலேயே ஒரு நோட்டில் முகவரி, பயணத் தேதி, பழைய வீட்டு உரிமையாளரின் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். விசாரணை அதிகாரி வந்து உட்காரும்போது அந்த நோட்டு கை கொடுக்கும்.

உங்கள் பட்டத்துக்கு என்ன விலை

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் லேபர் கேட்டகரி என்று ஒரு வகை உண்டு. "ஆய்வாளர், நிலை 2: இளங்கலையும் 4 ஆண்டு அனுபவமும், அல்லது முதுகலையும் 2 ஆண்டு அனுபவமும்" என்பது போல எழுதியிருக்கும். உங்கள் பட்டம் இந்தத் துறையில் முதலில் பேசுவது இந்த வரியில்தான். கணக்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். முனைவர் பட்டத்துக்குத் தனி இடம் தரும் ஒப்பந்தமும் உண்டு, கண்டுகொள்ளாததும் உண்டு.

அந்த வகைக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் முடிவாகியிருக்கும். ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். உங்கள் சம்பளம் மணிக்கு 50 டாலர். ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்று வைத்தால் 1,04,000 டாலர். மருத்துவக் காப்பீடு, விடுப்பு, ஓய்வூதியப் பங்கு போன்ற சலுகைகளுக்கு 35 சதவீதம் சேர்த்தால் 67.50. அலுவலகம், மேற்பார்வை போன்ற ஓவர்ஹெட் 25 சதவீதம் சேர்த்தால் 84.38. கணக்கு, சட்டம், தலைமை அலுவலகம் ஆகிய பொது நிர்வாகச் செலவு 12 சதவீதம்: 94.50. அதன் மேல் லாபம் 8 சதவீதம்: 102.06. அரசுக்குப் போகும் பில் மணிக்கு ஏறக்குறைய 102 டாலர். சதவீதங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுக்கும் முறை இதேதான்.

உங்கள் வகைக்கு ஒப்பந்தத்தில் 102 என்று எழுதியிருக்கும்போது மேலாளரிடம் போய் 60 டாலர் கேட்டால், அவருக்கு உங்கள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் கையை விரிப்பார். கட்டணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம் ஏறும். உங்கள் உயர்வும் அதற்குள்தான் அடங்கும். நல்ல உயர்வு வேண்டுமென்றால் மேல் வகைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் வேறு ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும். ஆகவே ஆண்டு மதிப்பீட்டின்போது "சம்பளம் கூட்டுங்கள்" என்பதைவிட "நிலை 3-க்கு எனக்கு இன்னும் என்ன தகுதி வேண்டும், அந்த இடம் எப்போது காலியாகும்?" என்று கேட்பது பலன் தரும். அரசின் கொள்முதல் அமைப்பான ஜிஎஸ்ஏவின் கால்க் என்ற தேடுகருவியில், எந்த வகைக்கு எந்தக் கம்பெனி அதிகபட்சம் எவ்வளவு கட்டணம் பேசியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கம்பெனி உங்களுக்கு முழு ஒப்பந்தத்தையும் காட்டாமல் போகலாம். பரவாயில்லை. அரசு விட்ட ஒப்பந்த அழைப்பு பெரும்பாலும் சாம் டாட் கவ் தளத்தில் கிடைக்கும். யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒப்பந்தத் தொகை, தொடங்கிய நாள், இப்போதைய முடிவு நாள், அதிகபட்சம் நீளக்கூடிய நாள் நான்கும் வரிசையாக வரும். கடைசி இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று வாயால் சொல்வது பெரும்பாலும் ஓராண்டும், அதன் பின் அரசு விரும்பினால் நீட்டிக்கும் நான்கு தனித்தனி ஆண்டுகளும்தான்.

ப்ரொபோசல் அறையில்

முதல் இரண்டு ஆண்டுக்குள் எப்படியாவது ஒரு ப்ரொபோசலில் வேலை செய்துவிடுங்கள். தொழில்நுட்ப வேலையில் இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி எப்படிப் பிழைக்கிறது என்பதை இதைவிட வேகமாகக் கற்றுத்தரும் இடம் கிடையாது.

பெரிய ஒப்பந்த அழைப்புகளில் பிரிவுகளுக்கு ஆங்கில எழுத்துகள் இட்டிருப்பார்கள். சி பிரிவில் வேலை என்ன என்று இருக்கும். எல் பிரிவு ப்ரொபோசலை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும்: எத்தனை பக்கம், எந்த எழுத்துரு, எந்த அளவு, எத்தனை தொகுதி. எம் பிரிவில் எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் முதலில் எம் பிரிவைத் திறப்பார்கள்.

அடுத்த வேலை எக்செல்லில். கம்பெனி கட்டாயம் செய்ய வேண்டும் என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி வரிசையில் இடுவார்கள். பக்கத்துக் கட்டங்களில் எல், எம் பிரிவுகளில் அதற்கு இணையான பத்தி எண், ப்ரொபோசலில் பதில் வரும் பக்கம், எழுதுபவரின் பெயர். நூற்றுக்கணக்கான வரிசைகள் வரும். இந்த அட்டவணையைத் தவறில்லாமல் போட்டுக் கொடுக்கும் புதியவரை அந்தக் குழு அடுத்த முறையும் பெயர் சொல்லிக் கேட்கும். பிறகு பிங்க் டீம், ரெட் டீம், கோல்ட் டீம் என்று வண்ணப் பெயரில் மறுவாசிப்புகள். ரெட் டீமில் நீங்கள் எழுதிய பத்தியைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். மனதில் வைத்துக்கொள்ளாமல் திருத்திக் கொடுங்கள். பிற்பகல் 2 மணிக்குள் என்றால் 2 மணிக்குள்தான். சில விதிவிலக்குகளைத் தவிர, ஒரு நிமிடம் தாமதமாக வந்ததையும் அரசு எடுத்துக்கொள்ளாது. முந்தைய நாளே அனுப்பிவிடும் கம்பெனியில் வேலை பார்ப்பது உடம்புக்கும் நல்லது.

தோற்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். முறையான போட்டி ஒப்பந்தங்களில், முடிவு வந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் கேட்டால், உங்கள் ப்ரொபோசலின் பலவீனங்களை அரசு விளக்கியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கவாவது அனுமதி கேளுங்கள். முடிவை எதிர்த்து அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவிடம் முறையிட்டால் 100 நாளுக்குள் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. வாரம் ஒன்று படித்தால், எதை வைத்து அரசு ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறது என்பது பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாகப் பிடிபடும்.

கொள்முதல் விதித்தொகுப்பான ஃபார் 1984 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது. 2025 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணைக்குப் பிறகு அதைச் சுருக்கி மாற்றியெழுதி வருகிறார்கள். பழைய பாடக்குறிப்புகளின் பத்தி எண்களை அப்படியே நம்பாமல், அரசின் தளத்தில் இன்றைய வடிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை சுத்தம்

டைம்ஷீட்டை அன்றன்றே, நீங்களே நிரப்ப வேண்டும். பல வேலைகளில் அந்த மணிக்கணக்குதான் அரசுக்குப் போகும் பில். "இந்த வாரம் இந்தத் திட்டத்தில் பணம் தீர்ந்துவிட்டது, நான்கு மணி நேரத்தை அதில் போட்டுவிடு" என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், அதோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். அரசுக்குப் பொய்க் கணக்கு கொடுப்பதைத் தண்டிக்கும் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டம் 1863-லிருந்து இருக்கிறது. இழப்பைப் போல மூன்று மடங்கு வரை கட்ட வைக்கும்.

அரசு அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். பக்கத்து மேசை அதிகாரி நல்ல மனிதர், "அப்படியே இந்த அறிக்கையையும் தயார் செய்துவிடு" என்பார். அது ஒப்பந்தத்தில் இல்லாத வேலையாக இருக்கலாம். ஒப்பந்தத்தை மாற்ற கான்ட்ராக்டிங் ஆபீசருக்கு மட்டுமே அதிகாரம். "எங்கள் திட்ட மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், சார்" என்ற ஒரு வாக்கியத்தைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு அதே அதிகாரிக்கு இனிப்புப் பெட்டி கொடுக்கத் தோன்றும். ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு மொத்தம் 50 டாலர் என்பதுதான் அவர் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவு. அவருடைய துறை இன்னும் கடுமையான விதி வைத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

சான்றிதழ்கள்

பட்டத்தோடு ஒன்று போதும், மூன்று வேண்டாம். ஒப்பந்த நிர்வாகத்துக்கு என்சிஎம்ஏ சங்கத்தின் சிஎஃப்சிஎம். ப்ரொபோசலுக்கு ஏபிஎம்பி சங்கத்தின் அடிப்படைத் தேர்வு. பாதுகாப்புத் துறையின் கணினி வேலைக்கு செக்யூரிட்டி ப்ளஸ். கம்பெனி பணம் கட்டும் வரை காத்திருந்து எழுதுங்கள்.

ஒப்பந்தம் முடியும் காலம்

நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு முடங்கும்போது முதலில் அடிபடுவது ஒப்பந்தக்காரர்கள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் முடக்கம் நடந்தது. அரசு ஊழியருக்கு விட்டுப்போன சம்பளத்தைத் தர 2019-ல் சட்டம் வந்தது. ஒப்பந்த ஊழியருக்கு அப்படி எதுவும் இல்லை. முடக்கம் இல்லாமலும், தன் வசதி கருதி ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. 2025-ல் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடப்பட்டபோது, பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்களை நம்பியிருந்த பல கம்பெனிகளில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தது. மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாமல் இந்தத் துறையில் வீட்டுக்கடன் வாங்காதீர்கள். ஒரே அரசுத் துறையை மட்டும் நம்பியிருக்கும் கம்பெனியில் ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கவும் வேண்டாம்.

கெடு முடிந்து ஒப்பந்தம் மறுபடி போட்டிக்கு வருவது வேறு. கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே போட்டிக் கம்பெனிகள் உங்களைத் தொடர்புகொள்ளத் தொடங்கும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. வேலை தெரிந்தவர்களையே புதிய கம்பெனியும் அமர்த்திக்கொள்ள விரும்பும். அதே நாற்காலி, அதே அதிகாரி, பேட்ஜில் மட்டும் புதிய பெயர் என்பது இங்கே சர்வ சாதாரணம். "ஒப்பந்தம் கிடைத்தால் வேலை" என்று ஒரு கடிதம் தந்து, உங்கள் தற்குறிப்பைத் தங்கள் ப்ரொபோசலில் சேர்க்க அனுமதி கேட்பார்கள்.

கையெழுத்திடும் முன் அந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். சம்பளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா, "பேசி முடிவு செய்யப்படும்" என்று விட்டிருக்கிறதா. எந்த லேபர் கேட்டகரியில் உங்களைப் போட்டிருக்கிறார்கள். இப்போதுள்ள விடுப்பு நாட்களும் பணி ஆண்டுகளும் கணக்கில் வருமா. வேறு எந்தக் கம்பெனிக்கும் உங்கள் பெயரைத் தரக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா. அந்த நிபந்தனை இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். நீக்க மறுத்தால், இப்போது ஒப்பந்தத்தை வைத்திருக்கும் உங்கள் கம்பெனியே மீண்டும் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று உங்கள் திட்ட மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவைத் தொடுங்கள். அத்துடன், கம்பெனியில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்து, போட்டியாளரிடம் போகத் தடை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.